ஏணியை யார் எடுத்தது?

சரித்திர நாவல் மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களில் ஒருத்தி போன வாரம் எனக்குப் போன் செய்தாள். "மேடம், பதினேழாம் நூற்றாண்டுல வில்லிபுத்தூர்ல உருளைக்கிழங்கு உண்டா?" என்று கேட்டாள். கிடையாது என்றேன். "அப்ப அந்தப்புர விருந்துல பூரிக்கு என்ன மேடம் குடுக்கலாம்?" என்றாள். நான் போனை வைத்துவிட்டேன்.

கோபம் ஆறியதும் யோசித்துப் பார்த்தேன். கேட்காமலே அச்சுக்கு அனுப்புகிற ஆட்களைவிட அவள் எவ்வளவோ தேவலை. ஓய்வு பெற்று வீட்டில் இட்லிக்கு மாவாட்டிக்கொண்டிருப்பவளைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்று ஒரு பிள்ளைக்காவது தோன்றியிருக்கிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். உருளைக்கிழங்கைப் பற்றி அல்ல. அதைப் பார்த்துச் சொல்ல உங்கள் கையில் போன் இருக்கிறது.

ராஜபாளையத்தில் ஒரே பதிப்பகத்தில், ஒரே மேசையில், என் வேலைக்காலம் முழுவதும் நாயக்கர் காலத்து நாவல்களைச் செப்பனிட்டேன். பகலெல்லாம் குதிரைக் குளம்புச் சத்தம், வீட்டுக்குப் போனால் குக்கர் விசில். எத்தனை ராணிகளின் ரவிக்கையிலிருந்து பொத்தானைப் பிடுங்கியிருப்பேன், எத்தனை தளபதிகளின் இடுப்பிலிருந்து தீப்பெட்டியை எடுத்திருப்பேன் என்று கணக்கே இல்லை. மிளகாய் வந்தால் மட்டும் சண்டைக்கு வருவார்கள். போர்த்துகீசியர் அதற்கு முன்னாலேயே கொண்டுவந்துவிட்டார்களே என்பார்கள். கொண்டுவந்தார்கள், யார் இல்லை என்றது? அதே கப்பல் நம் மலையடிவாரத்துக்கும் வந்து நின்றதா? மிளகு என்று போட்டுக் கையெழுத்து வாங்கிவிடுவேன்.

இதெல்லாம் எளிது. இந்த மேசையில் எனக்கு முன்னால் இருந்தவர் ஒருவர் உண்டு. வெற்றிலையும் முன்கோபமுமான மனிதர். தக்காளியைப் பிடித்துவிட்டேன் என்று நான் குதித்துக்கொண்டு போனால் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். ஒரு நாள் என் மேசைக்கு வந்து, நான் பார்த்து முடித்த அத்தியாயத்தைப் புரட்டினார். கதாநாயகனைத் தூணில் கட்டிப் போட்டிருக்கிறார்கள். அடுத்த பக்கத்தில் அவன் வாளை உருவுகிறான். "கட்ட அவுத்தது யாருத்தா?" என்றார். நான் முழித்தேன். "தக்காளி கெடக்கட்டும். ஒரு சாமான் ஒரு எடத்துல இருந்துச்சு, இப்ப அங்க இல்லன்னா, எவனோ ஒருத்தன் எடுத்திருக்கான். அவனப் பிடி. கத அவன்கிட்டதான் இருக்கும்." சொல்லிவிட்டு வெற்றிலையைத் துப்பப் போய்விட்டார்.

அப்போது எனக்குச் சிரிப்பாக இருந்தது. இனி சொல்லப்போவதில் சிரிப்பு இல்லை.

வ. புதுப்பட்டியிலிருந்து ஒருவர் வந்தார். பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்று, ஊரில் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தவர். ஊரே சுபேதார் என்று கூப்பிட்டதால் நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். நாற்காலியில் உட்காரச் சொன்னால்கூட முதுகு சாயாமல்தான் உட்காருவார். தன் குடும்பத்துச் சாமியின் கதையை நாவலாக எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

கதை இதுதான். நாயக்கர் காலம். அரண்மனைக் குதிரைக்காரர்கள் அந்தக் குடும்பத்துப் பெண் ஒருத்தியைக் கேட்டு வருகிறார்கள். கொடுக்க மனமில்லை, மறுக்கத் தெம்பும் இல்லை. வயலோரத்தில் சோளம் கொட்டி வைக்கும் குழி இருக்கிறது. வாய் குறுகலாக, உள்ளே போகப் போக வயிறு பெருத்த குழி. வீட்டு ஆண்கள் அவளை ஏணி வைத்து அதற்குள் இறக்குகிறார்கள். ஏணியை மேலே இழுத்துக்கொள்கிறார்கள். கல்லால் வாயை மூடி, மண்ணைக் குழைத்துப் பூசி, வைக்கோலைப் பரப்பிவிடுகிறார்கள். குதிரைகள் வந்து போகின்றன. போன பிறகும் உடனே திறக்கவில்லை. திறந்தபோது பெண் இல்லை, சாமிதான் இருந்தது. இப்படிச் செத்துச் சாமியான பெண்கள் நம் பக்கத்தில் பல குடும்பங்களில் உண்டு. உங்கள் வீட்டிலேயே இருக்கலாம், விசாரித்துப் பாருங்கள்.

மாசி சிவராத்திரிக்குப் பங்காளிகள் எல்லோரும் அந்தக் குழிமேட்டில் கூடிக் கும்பிடுகிறார்கள். அவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. பெண்கள் முழ நீளத்தில் ஒரு மர ஏணி செய்யச் சொல்லி, அதை மேட்டின்மேல் சாய்த்து வைக்கிறார்கள். குலவை போட்டு, "எறக்கிவிட்ட தாயே, ஏறி வா" என்று கூப்பிடுகிறார்கள். அந்த நேரத்தில் ஆண்கள் மாலை கட்டுகிற சாக்கில் தள்ளிப் போய் நிற்பார்களாம். இதையும் சுபேதார் விடாமல் எழுதியிருந்தார்.

அந்த அத்தியாயத்தைப் படித்த அன்று நான் மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை. அவருக்குப் போன் செய்து சொன்னேன். "நெசமாவா மேடம்? எங்க அத்தைமாரு சொன்னதத்தான் எழுதுனேன்" என்றார். குழம்பில் கிடந்த தக்காளி உட்படச் சின்னச் சின்னத் திருத்தங்களைக் குறித்து அனுப்பினேன். பொங்கல் கழித்துத் தருகிறேன் என்றார்.

பொங்கல் கழித்து வந்த பிரதியில் தக்காளி போயிருந்தது. கூடவே அந்தப் பெண்ணும் போயிருந்தாள். அதாவது, முதலில் இருந்த பெண் போய், புதிதாக ஒருத்தி வந்திருந்தாள். இவள் குழியின் விளிம்பில் நின்று, "என் குலத்தின் மானம் என் உயிரினும் பெரிது" என்று மேடைப் பேச்சுப் பேசினாள். புன்னகை பூத்தாள். தானாகவே ஏணியில் இறங்கினாள். பெண்களின் கூப்பாடும் மாறியிருந்தது. "இறங்கிய தாயே, எழுந்து வா" என்று இருந்தது.

போனில் கேட்டேன். "ஐயா, எறக்கிவிட்ட தாயேன்னு இருந்துச்சே?"

"அது எழுத்துப்பிழை மேடம். பேச்சு வழக்குல அப்படிச் சொல்லுவாவ. திருத்திட்டேன்."

"எழுத்துப்பிழையா? எறங்குனான்னா அவளா எறங்குனா. எறக்கிவிட்டன்னா வேற ஆளு எறக்கியிருக்கான். ரெண்டும் எப்படி ஒண்ணாகும்?"

"சாமி விசயம். அப்படியே இருக்கட்டும்" என்றார். உத்தரவு மாதிரி இருந்தது.

முதலாளியிடம் போனேன். அவர் தெலுங்குக்காரர், நல்ல மனிதர், வம்பு என்றால் ஆகாது. "அம்மா தல்லி, அவங்க சாமி, அவங்க கதை. நமக்கென்ன?" என்றார். பிறகுதான் முழு விவரத்தையும் சொன்னார். சுபேதாரின் ஒரே மகளுக்குப் பங்குனியில் கல்யாணம். பத்திரிகையும் எங்கள் அச்சகத்தில்தான் அடிக்கிறார்கள். சிவராத்திரிக்குப் பங்காளிகள் கூடும் இடத்தில் வெற்றிலை பாக்குத் தட்டில் பத்திரிகையையும் புத்தகத்தையும் ஒன்றாக வைத்து வீட்டுக்கு வீடு கொடுக்கப்போகிறார். "சிவராத்திரிக்குள்ள கையில இருக்கணும். எறங்குனாளோ எறக்குனாங்களோ, சீக்கிரம் அனுப்பு" என்றார்.

அன்று மாலை பிரதியை மறுபடி படித்தேன். வெற்றிலைக்காரர் சொன்னபடி சாமான்களைப் பார்த்தேன். ஏணி கிடைத்தது. அவள் ஏணியில் இறங்குகிறாள். கல் மூடப்படுகிறது. அடுத்த அத்தியாயத்தில் குதிரைக்காரர்கள் வரும்போது ஏணி மாட்டுத்தொழுவத்துச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. அவளை மாற்றிய மனுஷன் ஏணியை மாற்ற மறந்துவிட்டார். போனில் சொன்னால், தொழுவத்தில் ஏணி என்ற வரியை அடித்துவிடுவார், அவ்வளவுதான். நேரில் போவது என்று முடிவு செய்தேன்.

வில்லிபுத்தூரில் இறங்கி, வெறுங்கையோடு போகக்கூடாதென்று பால்கோவா வாங்கிக்கொண்டு, வத்திராயிருப்பு பஸ் பிடித்துப் போனேன். வீட்டில் சுபேதார் இல்லை. அவர் மனைவிதான் வரவேற்றார். கண்ணாடி போட்டு, கையில் காகிதமும் வைத்திருக்கிற பெண் என்றால் டீச்சராகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. கடைசி வரை என்னை அப்படியேதான் கூப்பிட்டார்.

"வாங்க டீச்சர். அவிய வயக்காட்டுக்குப் போயிருக்காவ. செத்த நேரம் உக்காருங்க, வந்துருவாவ. ஏட்டி கோமதி, டீச்சருக்குக் காப்பி கொண்டா."

கோமதி காப்பி கொண்டுவந்தாள். ராஜபாளையத்தில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. இன்றைக்கு லீவா என்று கேட்டேன். "இனிமே எதுக்கு டீச்சர் வேலைக்கு? கல்யாணம் வருதுல்லா" என்று அம்மாதான் பதில் சொன்னார். பிறகு இலை அறுக்கக் கொல்லைப்பக்கம் போனார்.

அவர் தலை மறைந்ததும் கோமதி தரையில் என் எதிரே உட்கார்ந்தாள்.

"நீங்கதான் அப்பா புத்தகத்தத் திருத்துற மேடமா?"

"ஆமா."

"மொதல்ல எழுதுனத எனக்குத்தான் வாசிச்சுக் காட்டுனாவ. நான் அழுதேன். அப்பாவும் அழுதாவ. அம்புட்டு நல்லா எழுதியிருந்தாவ." கொல்லைப்பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். "பொறவுதான் என் விசயம் தெரிஞ்சுபோச்சு. எங்க ஆஸ்பத்திரில எக்ஸ்ரே எடுக்குறவரு. வேதக்காரவிய, சர்ச்சுக்குப் போறவிய. அன்னைக்கே போன வாங்கி வச்சுக்கிட்டாவ. அதுக்கப்புறந்தான் அந்த அத்தியாயத்த எடுத்து வச்சுத் திருப்பி எழுதுனாவ. இப்ப வாசிச்சுக் காட்டல. நானா எடுத்துப் படிச்சேன்."

காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன். மெதுவாகக் கேட்டேன். "உனக்குப் பதினெட்டு தாண்டியாச்சு. உன் சம்மதம் இல்லாம யாரும் கல்யாணம் பண்ண முடியாது. போலீஸ் ஸ்டேஷன்ல ஒரு வார்த்தை சொன்னா..."

"ஸ்டேஷன்ல இருக்குறதே எங்க சித்தப்பாதான் மேடம்." சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை இன்னொருத்தர் முகத்தில் நான் பார்க்கக்கூடாது. "வெளியூருக்குப் போலாம்னு அவரும் சொல்லுதாரு. நான் போனா எங்கம்மா இந்த வீட்டுல ஒரு நாள் இருக்க முடியாது. அத விடுங்க. கல்யாணத்த நிறுத்துங்கன்னு ஒங்ககிட்டக் கேக்கல. ஒண்ணே ஒண்ணு பண்ணுவீங்களா?"

"சொல்லு."

"அவ சிரிச்சுக்கிட்டே எறங்குனான்னு மட்டும் போட்டுறாதீங்க. பத்திரிகையோட வீட்டுக்கு வீடு அதக் குடுக்கப்போறாவ. எல்லாரும் படிப்பாவ. படிச்சிட்டு வந்து மணமேடைல என் மொகத்தப் பாப்பாவ. சாமியே சிரிச்சிருக்கு, ஒனக்கென்னட்டி கொறச்சல்னு கேப்பாவ. நானும் சிரிக்கணும் மேடம். போறதுகூட போயிருவேன். சிரிக்க முடியாது."

அம்மா இலையோடு வந்துவிட்டார். கோமதி டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

இங்கே நிறுத்தி உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, சுபேதார் வந்ததும் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் மனசு ஆறியிருக்கும். அவர் பிரதியை வாங்கிக்கொண்டு வேறு அச்சகத்துக்குப் போயிருப்பார், அங்கே அவள் இரண்டு மடங்கு சிரித்திருப்பாள். மகளைப் பற்றி நான் வாயெடுத்திருந்தால், யார் சொன்னார்கள் என்று கண்டுபிடிக்க அவருக்கு வெகுநேரம் ஆகாது. எனக்கென்று அந்த வீட்டில் இருந்த உரிமை ஒரு புத்தகத்தின் உரிமை மட்டும்தான். அதற்குள் நின்றுகொண்டு எவ்வளவு கேட்க முடியுமோ அவ்வளவு கேட்பது என்று தீர்மானித்தேன். கோபத்தை விழுங்குவது எனக்கு வராத காரியம்.

சுபேதார் வந்தார். மரியாதையாகப் பேசினார். சாமியிடத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். அழைத்துக்கொண்டு போனார். வரப்போரம் ஒரு மண்மேடு, அதன்மேல் ஒரு வேப்பமரம், எதிரே பிளவக்கல் அணைப் பக்கத்து மலை. போன வருஷத்து ஏணி இன்னும் மேட்டில் சாய்ந்திருந்தது. வெயிலிலும் மழையிலும் வெளுத்து, இரண்டு படி கழன்றிருந்தது.

"ஐயா, ஒரு சந்தேகம். குழிக்குள்ள எறங்குனவ ஏணிய மேல தூக்க முடியுமா?"

"எப்படி முடியும்?"

"நீங்க எழுதுனதுல அடுத்த அத்தியாயத்துல ஏணி தொழுவத்துல நிக்குது. யாரு எடுத்தா?"

அவர் என்னைப் பார்த்தார். "அவ அண்ணன்மாரு எடுத்திருப்பாவ. அவதான் எடுக்கச் சொல்லியிருப்பா."

"சரி. அப்படின்னா அதை எழுதணும். எடுங்கண்ணே, நான் ஏறி வர மாட்டேன்னு அவ சொன்னா, அண்ணன் எடுத்தான்னு ஒரு வரி. உள்ள இருட்டு, சோளப்புழுக்கம், மூச்சுவிடக் காத்தில்ல. அதுக்கப்புறமும் அவ ஏணியக் கேக்கலன்னு இன்னொரு வரி. எழுதிக் குடுங்க, போட்டுறேன்."

அவர் குனிந்து ஒரு மண்கட்டியை எடுத்தார். கைக்குள்ளேயே நொறுக்கினார். பட்டாளத்தில் பதுங்குகுழிக்குள் கிடந்தவர். குழிக்குள் இருப்பவனுக்கு மேலே நிற்பவன் எப்படித் தெரிவான் என்று நான் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"குதிர போன பொறவும் தெறக்கல மேடம்" என்றார் கடைசியில். "அத்தைமாரு சொல்லுவாவ. உள்ள இருந்து தட்டுன சத்தம் கேட்டுச்சாம்."

"பொறவு ஏன் தெறக்கல?"

"குதிரைக்காரன் பாத்த பொண்ணு. வெளிய வந்தா ஊரு பேசும்னுதான்."

அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. அவர் வீட்டு வாசல் வரை வந்து, "பாத்து எழுதித் தாரேன்" என்றார்.

ஒரு வாரத்தில் அவரே அலுவலகத்துக்கு வந்தார். ஒரே ஒரு தாள். என் முன்னால் வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. அவள் சிரிப்பும் மேடைப் பேச்சும் போயிருந்தன. பெண்களின் கூப்பாடு பழையபடி "எறக்கிவிட்ட தாயே" என்று ஆகியிருந்தது. அதன்கீழ் புதிதாகச் சில வரிகள். ஏணியை எடுத்தது அண்ணன்மார் இல்லை, அவளைப் பெற்ற அப்பன். குதிரைகள் போன சத்தம் அவனுக்கும் கேட்டது. உள்ளிருந்து தட்டிய சத்தமும் கேட்டது. அவன் வைக்கோலின்மேல் உட்கார்ந்திருந்தான்.

நான் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை. அந்த மேசையில் எனக்குக் கிடைத்த வரிகளிலேயே அதுதான் உசத்தி என்று இன்றைக்கும் சொல்வேன். "ஐயா" என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இவ்வளவு எழுதிய மனுஷன் வீட்டுக்குப் போனதும் மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவார் என்று நான் நம்பினேன். மனசுக்குள் அந்த எக்ஸ்ரே பையனுக்கு மாலைகூடப் போட்டுவிட்டேன்.

அப்போது முதலாளி கல்யாணப் பத்திரிகையின் புரூஃபைக் கொண்டுவந்தார். சுபேதார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதே மேசையில் குனிந்து படித்தார். மாப்பிள்ளையின் தகப்பனார் பெயரில் ஒரு ஒற்றெழுத்து விட்டுப்போயிருந்தது. அதைத் திருத்தினார். என் பேனாவையே வாங்கிக் கீழே கையெழுத்துப் போட்டார்.

எனக்கு அன்றைக்குத் தெரிந்ததை உங்களுக்கு ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். முந்நூறு, நானூறு வருஷத்துக்கு முந்தைய அப்பனைப் பற்றி ஒரு மனுஷனால் உண்மையை எழுத முடியும். அதற்காக மனசாரக் கண்ணீரும் விட முடியும். அதனால் தன் வீட்டு ஏணியைத் திரும்ப வைத்துவிடுவான் என்று அர்த்தமில்லை. நம் நாவல்களை ஜனங்கள் இத்தனை ஆசையாகப் படிப்பதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. அந்தக் காலத்துக் கொடுமைக்கு அழுது முடித்துவிட்டால் இந்தக் காலத்தில் கொஞ்சம் இலேசாகிவிடுகிறது. இதை நினைத்து வேலையை விட்டுவிடலாமா என்றுகூட எனக்குச் சில நாள் இருந்தது. விடவில்லை. அதற்குக் காரணம் பங்குனியில் நடந்தது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சிவராத்திரியன்று பகல் படையலுக்கு நானும் போயிருந்தேன். பொங்கப்பானை, பூ, மேளம், ஊர்ப்பட்ட பங்காளிகள். பெண்கள் புது ஏணியைச் சாய்த்துவைத்துக் குலவை போட்டார்கள். "எறக்கிவிட்ட தாயே, ஏறி வா." ஆண்கள் தள்ளித்தான் நின்றார்கள். சுபேதார் மட்டும் அந்த வருஷம் நகரவில்லை, மேட்டின் பக்கத்திலேயே நின்றார். அதைப் பார்த்து எனக்கு மறுபடி ஒரு நப்பாசை வந்தது. பிறகு அவர் தட்டை எடுத்தார். வெற்றிலை, பாக்கு, பத்திரிகை, புத்தகம்.

கோமதி அவர் பக்கத்தில் வந்து நின்றாள். தட்டிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து, சரியாக அந்தப் பக்கத்தைத் திறந்தாள்.

"நல்லா எழுதியிருக்கீய அப்பா."

அவர் தலையை ஆட்டினார்.

"அந்த அப்பன் பொறவு ஏணியத் திருப்பி வைக்கவே இல்லியா?"

"கதைல அப்படி இல்ல தாயி."

"கதைல இல்லன்னா என்ன, நீங்கதான எழுதுதீய. வச்சான்னு எழுதியிருக்கலாம்ல?"

மேளக்காரர்கள் அப்போதுதான் நிறுத்தியிருந்தார்கள். அவள் குரல் உயரவில்லை. என்னையும் அவள் அம்மாவையும் தவிர யாருக்கும் கேட்டிருக்காது. சுபேதார் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். புத்தகத்தையா பத்திரிகையையா, எதைச் சொல்கிறார் என்று தெரியாதபடி, "அச்சாயிருச்சு தாயி" என்றார்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "ஐயா, அச்சானதுக்கு அப்புறமும் திருத்தம் போடலாம். ஒரு சின்னத் தாள்ல பிழைதிருத்தம்னு அடிச்சு உள்ள ஒட்டிருவோம். எத்தனையோ புத்தகத்துக்கு ஒட்டியிருக்கேன். எங்க தொழில்ல அதுக்கு வழி இருக்கு" என்றேன்.

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். கோபமே இல்லை. அப்படி ஒரு அசதி.

"ஒங்க தொழில்ல இருக்கு மேடம்" என்றார். தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த பங்காளியைப் பார்த்து நடந்தார்.

பிள்ளைகளே, உருளைக்கிழங்கு கேட்டவளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அந்தக் காலத்துச் சாப்பாடு, நகை, குதிரை எல்லாம் பாருங்கள். பார்த்து முடித்த பிறகு, நகர்ந்த சாமான் எது, நகர்த்தியது யார் என்று கேளுங்கள். எழுத்தாளர் எழுத்துப்பிழை என்று சொல்கிற இடத்தில் இரண்டு தடவை கேளுங்கள். வாயைத் திறந்து கேட்க வேண்டிய இடமும் உண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஏணியை மட்டும் கேட்க வேண்டிய இடமும் உண்டு. எது எந்த இடம் என்று எனக்கு இப்போதும் நிச்சயமாகத் தெரியாது. ஊர் உலகம் மாறிவிடும் என்று மட்டும் நினைத்துக்கொண்டு கேட்காதீர்கள்.

பங்குனியில் வில்லிபுத்தூர் மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. போக வேண்டாம் என்றிருந்தவள் போனேன். கோமதி பட்டுப்புடவையில், கழுத்து நிறைய மாலையோடு, நேரே பார்த்துக்கொண்டு நின்றாள். வரிசையில் ஏறி வந்த பெண்கள் அவள் முகத்தைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அவள் கையை ஒரு தடவை அழுத்திப் பிடித்துவிட்டு இறங்கினார்கள். புத்தகம் அவர்கள் வீடுகளுக்கும் போயிருந்தது.

போட்டோக்காரப் பையனுக்கு இதெல்லாம் தெரியாது. "பொண்ணு கொஞ்சம் சிரிங்க. அக்கா, இங்க பாருங்க, சிரிங்க" என்று கெஞ்சிக்கொண்டே இருந்தான். மாப்பிள்ளை வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கோமதியின் உதடு நடுங்கியது.

சுபேதார் பின்னாலிருந்து முன்னால் வந்தார். மகளைப் பார்க்கவில்லை, கேமராவைத்தான் பார்த்தார்.

"விடு தம்பி. அவ சிரிக்க வேண்டாம். அப்படியே எடு."